பகிர் சேமிப்பகத்தில் 5 டிபி காலி, ஆனாலும் ‘இடமில்லை’: ஒரு வட்டுப் படப் பதிவேற்றத்தின் நிகழ்வு ஆய்வு

பழைய சர்வர் ஒன்றை ஓய்வுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதன் வட்டை அப்படியே ஒரே கோப்பாக நகலெடுத்து, எங்கள் கிளஸ்டரில் (ஒன்றாக இயங்கும் சர்வர்களின் தொகுப்பில்) மெய்நிகர் இயந்திரமாக, அதாவது மென்பொருளால் ஆன கணினியாக, எழுப்புவதுதான் திட்டம். வட்டுப் படம் எனப்படும் அந்தக் கோப்பு கையில் இருந்தது. பகிர் சேமிப்பகத்தில் 5 டிபிக்கு மேல் இடம் காலியாக இருந்தது. மேலாண்மைத் திரையில் சேமிப்பகத்தைத் தேர்ந்தெடுத்து ‘அப்லோட்’ பொத்தானை அழுத்தினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நம்பினோம். இரண்டு நாள் போனது. நடுவில் ஒரு நோடு (கிளஸ்டரில் உள்ள ஒரு சர்வர்) நிர்வாகத் திரையிலிருந்து துண்டிக்கப்பட்டது. ஒரு இரவு பேக்கப் ஓடவில்லை.

அந்த இரண்டு நாளும் எங்களை அதிகம் அலைக்கழித்தது ஒரே பிழை: லினக்ஸின் பிழை எண் 28, ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’. சாதனத்தில் இடமில்லை என்று சொல்லும் அந்த வரி, எந்தச் சாதனத்தில் என்று சொல்வதில்லை. அது பகிர் சேமிப்பகமாகத்தான் இருக்கும் என்று நாங்களாகவே முடிவுசெய்துகொண்டோம். பிழை ஒருமுறைகூட அங்கிருந்து வரவில்லை.

இருந்த அமைப்பு

மூன்று நோடுகள். கேவிஎம், க்யூஎமு என்ற மெய்நிகராக்க மென்பொருள்களின் மேல் இயங்கும், உலாவி வழியாக ஆளப்படும் மேலாண்மை மென்பொருள். ஒவ்வொரு நோடிலும் இயங்குதளத்துக்கென ஒரு சிறிய எஸ்எஸ்டி. அதில் ரூட் பகிர்வு (இயங்குதளம் இருக்கும் பகுதி) 94 ஜிபி, காலியிடம் சுமார் 60 ஜிபி. மெய்நிகர் இயந்திரங்களின் வட்டுகள் எல்லாம் தனியான என்எஃப்எஸ் (வலை வழிக் கோப்புப் பகிர்வு) சர்வரில், அதுதான் அந்தப் பகிர் சேமிப்பகம். அது மூன்று நோடுகளிலும் ஒரே பாதையில் மவுண்ட் ஆகியிருக்கும் (ஓர் அடைவாக இணைந்திருக்கும்), இணைப்பு 10 ஜிபிபிஎஸ். நிர்வாகத் திரையை நேரடியாகத் திறக்காமல், என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருள் ஓடும் ஒரு சின்ன மெய்நிகர் இயந்திரம் முன்னால் நின்று கோரிக்கைகளை உள்ளே அனுப்பியது. அந்த இடைத்தரகரின், அதாவது ப்ராக்ஸியின், வட்டு மொத்தம் 20 ஜிபி, காலி 16 ஜிபி. எங்கள் மேசைக் கணினிகள் 1 ஜிபிபிஎஸ் வலையில்.

வட்டுப் படம் ‘ரா’ வடிவம். அதாவது வட்டில் உள்ள பைட்டுகள் தலைப்பு எதுவும் இல்லாமல் வரிசையாக. கோப்பின் அளவைக் காட்டும் ‘எல்எஸ்’ கட்டளை 120 ஜிபி என்றது, வட்டில் அது பிடித்த இடத்தைக் காட்டும் ‘டியு’ கட்டளை 38 ஜிபி என்றது. இரண்டுமே உண்மை. 120 ஜிபி வட்டில் தரவு எழுதப்பட்டது 38 ஜிபி மட்டும். மீதி இடத்தில் எதுவும் எழுதாமல் ‘இங்கே பூஜ்யம்’ என்று கோப்பு முறைமை குறித்து மட்டும் வைத்திருக்கிறது. ஸ்பார்ஸ் கோப்பு என்பார்கள், ஓட்டை விழுந்த கோப்பு. கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்வரை ஓட்டைக்கு இடம் செலவில்லை. உலாவி அதைப் படித்து அனுப்பத் தொடங்கியதும் ஓட்டைகளும் பூஜ்யங்களாக வலையில் பயணிக்கின்றன. 38 ஜிபி அல்ல, 120 ஜிபியும் போகிறது.

முதல் நாள்

முதல் முயற்சி தொடங்கிய உடனே பிழை 413 வந்தது, அனுப்பும் பொருள் அளவுக்கு மீறிப் பெரியது என்று. இதில் மர்மம் எதுவும் இல்லை. என்ஜின்எக்ஸில் ஒரு கோரிக்கையின் உடல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு இயல்பான வரம்பு 1 எம்பி. அந்த அமைப்பை 0 ஆக்கினால் சோதனையே நடக்காது. ஆக்கினோம்.

இரண்டாம் முயற்சி இரண்டரை நிமிடம் ஓடி, பிழை 500 உடன் நின்றது. ப்ராக்ஸியின் லாக்கில் (நிகழ்வுப் பதிவில்) பிழை எண் 28. உடன் வேலை செய்யும் இளைஞர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: “சார், இடமில்லைன்னு சொல்லுது. ஆனா ஸ்டோரேஜ்ல 5 டிபி ஃப்ரீன்னு காட்டுது. எதை நம்புறது?” அப்போதே நான் நிதானித்திருக்க வேண்டும். லாக் வரியில் கோப்பின் பாதை இருந்தது. என்ஜின்எக்ஸின் தற்காலிக அடைவு அது. உள்ளே வரும் கோரிக்கையை முழுவதும் தன் வட்டில் வாங்கி வைத்துவிட்டு, அதன் பிறகே பின்னால் இருக்கும் சர்வருக்கு அனுப்புவதுதான் அதன் இயல்பான நடத்தை. சின்னப் படிவங்களுக்கு இது நல்ல ஏற்பாடு, மெதுவான வாடிக்கையாளருக்காகப் பின்னால் உள்ள சர்வர் காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 120 ஜிபிக்கு இது சுவர். 16 ஜிபி நிரம்பியதும் நின்றுவிட்டது. நொடிக்கு 112 எம்பி என்ற வேகத்தில் 16 ஜிபிக்கு ஆகும் நேரம் 143 நொடி. கடிகாரமும் அதையே சொன்னது. அன்று அந்தக் கணக்கை நாங்கள் போட்டுப் பார்க்கவில்லை.

இந்த இடைத்தங்கலால் இன்னொரு தொந்தரவும் உண்டு. ப்ராக்ஸியில் இடம் போதுமான அளவு இருந்திருந்தால், திரையில் முன்னேற்றப் பட்டை 100 சதவீதம் காட்டிய பிறகும் தரவு ஒரு பைட்கூட நோடைத் தொட்டிருக்காது. பட்டை அளப்பது உலாவியிலிருந்து வெளியேறியதை மட்டும்தான். ‘100 சதவீதம் வந்துவிட்டது, ஆனால் அசையவில்லை’ என்று யாராவது உலாவியை மூடினால் அத்தனையும் வீண்.

லாக்கை முழுதாகப் படிக்காமல், ‘ப்ராக்ஸிதான் பிரச்சினை’ என்ற முடிவோடு அதைத் தவிர்த்து, முதல் நோடின் முகவரிக்கே நேராகப் போனோம். மூன்றாம் முயற்சி. ஒன்பது நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு பிழை. நோடில் உள்நுழைந்து இடத்தைப் பார்த்தால் ரூட்டில் 60 ஜிபி காலி, என்எஃப்எஸ்ஸில் 5 டிபி காலி. எங்கேயும் குறையே இல்லை. ஆனால் நிர்வாகத் திரையில் அந்த நோடு சாம்பல் நிறமாகிவிட்டது.

நடந்தது என்னவென்று மறுநாள்தான் விளங்கியது. மேலாண்மை மென்பொருள் பதிவேற்றத்தை முதலில் நோடின் ரூட் பகிர்வில் ஒரு தற்காலிகக் கோப்பாக வாங்கியது. முழுக் கோப்பும் வந்து சேர்ந்த பிறகுதான் நாம் தேர்ந்தெடுத்த சேமிப்பகத்துக்கு அதை நகலெடுக்கும். 60 ஜிபி தீர்ந்ததும் எழுத முடியாமல் கைவிட்டது. கைவிட்டவுடன் தற்காலிகக் கோப்பை அதுவே நீக்கியும் விட்டது. ஒழுங்கான நடத்தைதான், ஆனால் நாங்கள் பார்க்கப் போன நொடியில் சாட்சியம் மறைந்திருந்தது. தோல்விக்குப் பிறகு எடுத்த அளவு தோல்வியின் நேரத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

ரூட் நிரம்பியிருந்த அந்தச் சில நொடிகளில் வேறொன்றும் நடந்திருந்தது. கிளஸ்டர் அமைப்புகளைக் காக்கும் சேவை தன் தரவுத்தளத்தில் எழுத முயன்று, முடியாமல் விழுந்தது. இடம் திரும்பக் கிடைத்த பிறகும் தானாக எழவில்லை. அந்த நோடில் ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் இயந்திரங்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, அவற்றின் வட்டுகள் என்எஃப்எஸ்ஸில் இருந்ததால். ஆனால் எதையும் தொடங்கவோ, நிறுத்தவோ, வேறு நோடுக்கு மாற்றவோ முடியாது. அந்த இரவு பேக்கப் தவறியது இதனால்தான். பயனர்கள் யாரும் புகார் சொல்லாததால் எங்களுக்கு அவசரம் தெரியவில்லை. மெய்நிகராக்கச் சூழலில் இது அச்சம் தரும் நிலை. எல்லாம் ஓடுவதுபோலத் தெரியும், ஆள்வதற்கான கை மட்டும் கட்டப்பட்டிருக்கும்.

இரண்டாம் நாள்

காலையில் சேவையை மீண்டும் தொடங்கி நோடைப் பச்சைக்குக் கொண்டுவந்த பிறகு, அதே பதிவேற்றத்தை வேண்டுமென்றே இன்னொரு முறை ஓட்டினோம். இந்த முறை பக்கத்தில் ஒரு முனையத்தில், நொடிக்கு ஒரு முறை, காலியிடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளை. என்எஃப்எஸ் வரி அசையவில்லை. ரூட் வரி 60, 59, 58 என்று இறங்கியது. 20 ஜிபி மீதமிருக்கும்போது நிறுத்தினோம். இரண்டு நாளில் எடுத்த வேறெந்த முயற்சியையும்விட இந்த ஆறு நிமிடம் அதிகம் கற்றுத் தந்தது.

ரூட்டில் போதிய இடம் இருந்திருந்தால் மட்டும் நல்ல வழியா என்றால், அதுவும் இல்லை. 120 ஜிபி ஒரு முறை உள்வட்டில் எழுதப்பட வேண்டும், பிறகு அங்கிருந்து படிக்கப்பட்டு என்எஃப்எஸ்ஸில் எழுதப்பட வேண்டும். படிவமாக அனுப்பும் உலாவிப் பதிவேற்றத்தில், பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி பொதுவாக இருப்பதில்லை. 99 சதவீதத்தில் வலை ஒரு கணம் விட்டுப்போனாலும் தொடக்கத்திலிருந்துதான். நிறுவல் வட்டுகளின் ஐஎஸ்ஓ கோப்புகளுக்காக அமைத்த ஒரு வாசல் வழியே முழு வட்டை நுழைக்கப் பார்த்தோம் என்பதே என் கருத்து.

ஆகவே வழியை மாற்றினோம். மேசைக் கணினியிலேயே ‘க்யூஎமு-ஐஎம்ஜி’ கருவியால் ரா படத்தை க்யூகவ்2 வடிவத்துக்கு மாற்றினோம். க்யூகவ்2 தரவை 64 கேபி அளவுள்ள தொகுதிகளாக வைத்துக்கொள்கிறது, தரவு இல்லாத தொகுதியை எழுதுவதே இல்லை. ஓட்டைகள் கோப்பு முறைமையின் தயவில் இல்லாமல் கோப்பின் உள்ளேயே பதிவாவதால், எந்த வழியில் அனுப்பினாலும் வீங்காது. சுருக்கும் விருப்பத்தையும் சேர்த்ததில் 120 ஜிபி 22 ஜிபியானது. சுருக்கப்பட்ட தொகுதிகள் படிக்கும்போது விரிக்கப்படும். புதிதாக எழுதப்படுபவை சுருக்கப்படாமல் சேரும். அதனால் ஓட ஓடக் கோப்பு வளரும், அதற்கு இடம் கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

22 ஜிபி என்றால் மூன்றேகால் நிமிடம். உலாவியைத் தவிர்த்து, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் முறை) வழியாக நோடில் மவுண்ட் ஆகியிருக்கும் என்எஃப்எஸ் பாதைக்கே நேராக நகலெடுக்க முடிவுசெய்தோம். முதல் நோடு அப்போதுதான் மீண்டிருந்ததால், மூன்றாம் நோடைத் தேர்ந்தெடுத்தோம். நகல் பிழையின்றி முடிந்தது. ஆனால் முதல் இரண்டு நோடுகளிலிருந்து பார்த்தால் கோப்பே இல்லை.

மவுண்ட் ஆகாத பாதை

முதலில் என்எஃப்எஸ் தற்காலிக நினைவைச் சந்தேகித்தோம். நியாயமான சந்தேகம்தான். லினக்ஸ் என்எஃப்எஸ் வாடிக்கையாளர் ஓர் அடைவின் விவரங்களை இயல்பாக 30 முதல் 60 நொடி வரை நினைவில் வைத்திருக்கும். ஒரு நோடில் உருவான கோப்பு இன்னொரு நோடின் பட்டியலில் ஒரு நிமிடம் தாமதித்துத் தெரியலாம். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். வரவில்லை.

மூன்றாம் நோடில் ‘ஃபைண்ட்மவுண்ட்’ கட்டளையை ஓட்டியபோது அந்தப் பாதைக்குப் பதிலே வரவில்லை. அங்கே என்எஃப்எஸ் மவுண்ட் ஆகவே இல்லை. அன்று காலை அந்த நோடு மறுதொடக்கம் ஆகியிருந்தது. சேமிப்பக வலை எழும் முன்பே மவுண்ட் முயற்சி நடந்து தோற்றிருந்தது. மவுண்ட் ஆகாதபோதும் அந்தப் பாதை இருக்கும், ஒரு வெறும் அடைவாக. அதில் எழுதினால் எழுதப்படும், நோடின் சொந்த ரூட் வட்டில். எங்கள் 22 ஜிபி அங்கே உட்கார்ந்திருந்தது. நகல் ‘வெற்றி’ என்று சொன்னது முழு உண்மை, சேர்ந்த இடம்தான் வேறு.

இந்தத் தவறுக்கு முழுப் பொறுப்பு என்னுடையது. மேலாண்மைத் திரை வழியாகப் போயிருந்தால், சேமிப்பகம் செயலில் இல்லை என்று மறுத்திருக்கும். கட்டளை வரியில் நேராகப் போனபோது, தற்காலிகக் கோப்பைத் தவிர்த்தோம், அதோடு அந்தக் காவலையும் தவிர்த்துவிட்டோம். இப்போது எங்கள் நகல் ஸ்கிரிப்டின் முதல் வரி ‘மவுண்ட்பாயிண்ட்’ சோதனை, தோற்றால் அடுத்த வரிக்குப் போகாது. மூன்று நோடுகளிலும், மவுண்ட் இல்லாத நேரத்தில், அந்த வெறும் அடைவுக்கு ‘சிஎச்ஏடிடிஆர்’ கட்டளையால் மாற்றமுடியாத பண்பை வைத்துவிட்டோம். அப்படிப்பட்ட அடைவில் ரூட் பயனராலும் (முழு உரிமையுள்ள நிர்வாகியாலும்) கோப்பு உருவாக்க முடியாது. மேலே என்எஃப்எஸ் மவுண்ட் ஆவதற்கு எந்தத் தடையும் இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மேலாண்மை மென்பொருளில் அடைவு வகைச் சேமிப்பகங்களுக்கு இதே நோக்கத்தில் ‘இஸ்_மவுண்ட்பாயிண்ட்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால், மவுண்ட் ஆகாத பாதையை அது சேமிப்பகமாக ஏற்காது.

சரியாகச் சேர்ந்ததா?

இரண்டாம் நோடில், சோதனைக்குப் பிறகு, நகல் மீண்டும் ஓடியது. இந்த முறை என்எஃப்எஸ் வரி அசைந்தது. ஆனால் சேர்ந்த கோப்பும் அனுப்பிய கோப்பும் ஒன்றே என்று எப்படி உறுதிசெய்வது? உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஷா-256 ஹாஷைக் கணக்கிட்டோம். இங்கே இரண்டு நுணுக்கம். எழுதிய நோடிலேயே கணக்கிட்டால், வட்டுக்குப் போனதைப் படிக்காமல் அந்த நோடின் நினைவகத்தில் மிச்சமிருக்கும் பக்கங்களையே படித்துச் ‘சரி’ என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. அதனால் முதல் நோடிலிருந்து கணக்கிட்டோம். மற்றொன்று, மெய்நிகர் இயந்திரத்தை ஒரு முறை தொடங்கிவிட்டால் கோப்பு மாறிவிடும். பிறகு ஒப்பிட எதுவுமில்லை. சோதனை முதல் தொடக்கத்துக்கு முன்பே.

ஷா-256 ஒப்பிடுவது க்யூகவ்2 கோப்பை க்யூகவ்2 கோப்போடு மட்டும். மூல ரா படத்தின் ஹாஷ் இதோடு ஒருபோதும் பொருந்தாது, உள்ளடக்கம் ஒன்றாக இருந்தாலும் பொதியும் முறை வேறு. வடிவ மாற்றம் சரியா என்று பார்க்க ‘க்யூஎமு-ஐஎம்ஜி கம்பேர்’ இருக்கிறது. உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கண்ணுக்கு இரண்டு படங்களும் ஒரே மாதிரித் தெரிகின்றனவா என்று அது பார்க்கிறது. மேசைக் கணினியிலேயே ஓட்டினோம், ஒன்றேதான் என்றது. க்யூகவ்2 உள் அட்டவணைகளுக்கு ‘செக்’ கட்டளையும் ஓட்டினோம். ஓடிக்கொண்டிருக்கும் வட்டின் மேல் இவற்றை ஓட்டக்கூடாது. க்யூஎமு 2.10 பதிப்பிலிருந்து படக் கோப்புகளுக்குப் பூட்டு போடும் வசதி இருப்பதால், அது பெரும்பாலும் தானே மறுத்துவிடும்.

என்எஃப்எஸ் அனுமதியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் என்எஃப்எஸ் ஏற்றுமதியில் (பகிர்வு அமைப்பில்) ரூட் பயனரை அப்படியே அனுமதித்திருந்தோம். ‘ரூட் ஸ்குவாஷ்’ இருக்கும் இடங்களில் நோடின் ரூட் பயனர் என்எஃப்எஸ் சர்வரில் 65534 எண்ணுள்ள உரிமையற்ற பயனராகிவிடுவார். அங்கே இதே நகல் ‘அனுமதி மறுப்பு’ என்று நிற்கும், அல்லது சேர்ந்த கோப்பை மெய்நிகர் இயந்திரம் திறக்க முடியாமல் போகும்.

எங்களுடையது நாங்களே எடுத்த படம். பிறர் தரும் படமாக இருந்தால் சேமிப்பகத்தில் வைக்கும் முன் ‘க்யூஎமு-ஐஎம்ஜி இன்ஃபோ’ ஓட்டிப் பார்க்காமல் விடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். க்யூகவ்2 கோப்பு, ‘மீதித் தரவு அந்தக் கோப்பில் இருக்கிறது’ என்று வேறொரு கோப்பைச் சுட்ட முடியும். அந்தச் சுட்டு நோடின் சொந்தக் கோப்பு ஒன்றைக் காட்டினால், மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருப்பவர் அதைப் படித்துவிடலாம். ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருளில் 2024-ல் வெளியான சிவிஇ-2024-32498 பாதுகாப்புக் குறை இப்படிப்பட்டதுதான். கோப்புப் பெயரின் பின்னொட்டையும் நம்ப வேண்டாம். க்யூகவ்2 என்றால் முதல் மூன்று பைட்டுகள் க்யூ, எஃப், ஐ எழுத்துகள், நான்காவது பதினாறடிமானத்தில் எஃப்பி.

மற்ற மென்பொருள்களில் வழி எப்படி

தரவு எங்கே இறங்குகிறது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஓவர்ட் என்ற மேலாண்மை மென்பொருளில், நோடில் ஓடும் இமேஜ்ஐஓ என்ற தனிச் சேவை 54322 போர்ட்டில் தரவை வாங்கி நேராகச் சேமிப்பகத்தில் எழுதுகிறது. இடைத்தங்கல் இல்லை. பதிலுக்கு, அதன் சான்றிதழை உலாவி நம்பாவிட்டால் பதிவேற்றம் தொடக்கத்திலேயே இடைநிறுத்தப்படும். லிப்வர்ட் என்ற மேலாண்மைக் கருவித்தொகுப்பில் ‘வால்-அப்லோட்’ கட்டளைக்கு முன் சரியான அளவில் ஒரு வால்யூம் (சேமிப்பகத்தில் ஒதுக்கிய வட்டு) உருவாக்கியிருக்க வேண்டும். ஸ்பார்ஸ் விருப்பத்தைக் கொடுத்தால் ஓட்டைகளைத் தாண்டி அனுப்பும். ப்ராக்ஸ்மாக்ஸ் 7.0-லிருந்து, ஐஎஸ்ஓவைப் பொறுத்தவரை, ஒரு இணைய முகவரியைக் கொடுத்து நோடையே இறக்கிக்கொள்ளச் சொல்லலாம். தள்ளுவதைவிட இழுக்க வைப்பதே எனக்குப் பிடித்த வழி. வட்டுப் படத்தை ஒரு எளிய எச்டிடிபி சர்வரில் வைத்து, நோடில் தொடரும் விருப்பத்தோடு ‘டபிள்யூகெட்’ என்ற பதிவிறக்கக் கருவியை ஓட்டினால், அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து வரும்.

உங்கள் மென்பொருளில் இறங்கும் இடம் எது என்று ஆவணத்தில் தேடுவதைவிட வேகமான வழி, 1 ஜிபி அளவில் தற்செயல் எண்கள் நிறைந்த ஒரு சோதனைக் கோப்பை அனுப்பி, பாதையில் நிற்கும் ஒவ்வொரு இயந்திரத்திலும் ‘டிஎஃப்’ வரிகளை ஓடவிட்டுப் பார்ப்பது. பூஜ்யங்களால் ஆன கோப்பு வேண்டாம், சுருக்கமும் ஓட்டையும் அளவை மறைத்துவிடும். எந்த வரி அசைகிறதோ அங்கே உங்கள் வட்டுப் படத்தின் முழு அளவுக்கும் இடம் வேண்டும்.

என்எஃப்எஸ் 3-லிருந்து 4.2-க்கு மாறும் வேலையையும் தொடங்கியிருக்கிறோம். 2016-ல் ஆர்எஃப்சி 7862 என்ற தர ஆவணமாக வெளியான அந்தப் பதிப்பில்தான், ஒரு கோப்பில் ஓட்டை எங்கே என்று வாடிக்கையாளர் கேட்கவும், நகலெடுப்பதைச் சர்வருக்குள்ளேயே முடிக்கச் சொல்லவும் வழி வந்தது. டெம்ப்ளேட்டிலிருந்து நகலெடுக்கும்போது தரவு நோடுக்கு வந்து திரும்பிப் போக வேண்டியதில்லை.

படம் எழுந்த கதை சுருக்கமானது. பழைய இயங்குதளத்தில் மெய்நிகர் வட்டுக்கான விர்ட்ஐஓ ட்ரைவர் இல்லாததால் முதலில் சாட்டா வட்டாகக் கொடுத்துத் தொடங்கினோம். ட்ரைவரை நிறுவிய பின் விர்ட்ஐஓவுக்கு மாற்றினோம். இரண்டாம் நோடில் எழுந்தது, ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் நோடுக்கும் மூன்றாம் நோடுக்கும் நகர்ந்தது.

மூன்றாம் நோடில் என்எஃப்எஸ்ஸை மவுண்ட் செய்த பிறகு, தவறிச் சேர்ந்த அந்த 22 ஜிபி கோப்பு கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. ‘டிஎஃப்’ அதன் இடத்தைக் கணக்கில் காட்டியது, ‘டியு’வால் கண்டுபிடிக்க முடியவில்லை. மவுண்டுக்கு அடியில் கிடந்தது. ரூட் கோப்பு முறைமையை வேறொரு அடைவில் பைண்ட் மவுண்ட் செய்தால், மேலே மூடியிருக்கும் மவுண்டுகள் இல்லாமல் அடித்தளம் மட்டும் தெரியும். ஓடும் மெய்நிகர் இயந்திரங்கள் எதையும் நிறுத்தாமல், அந்த வழியாக உள்ளே போய்க் கோப்பை நீக்கினோம். ரூட் மறுபடி 60 ஜிபி காலி என்றது.